ஆட்சேபணை இல்லாத இடம்

உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிறார்கள். அந்த உருண்டையின் எந்தப் பக்கத்தில் தரவு மையம் கட்டுவது என்று கண்டுபிடித்தவரைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. மனித குலத்தின் நன்றி அவ்வளவுதான். இந்தக் குறையைப் போக்கும் பொருட்டே பெரியவரின் வரலாறு இங்கே சொல்லப்படுகிறது.

பெரியவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் உள்ளவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டதால் அது வழக்கொழிந்து போயிற்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமைப் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். முதுகு வளையாது. நாற்காலியில் சாய்ந்து உட்காருவது குணக்கேட்டின் முதல் அறிகுறி என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் வீட்டு நாற்காலிகளின் சாய்மானங்கள் மட்டும் இன்றைக்கும் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கின்றன.

அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. எந்த விஷயமானாலும் பெரியவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, தாம் எடுத்த முடிவை விளக்குவார். பிறகு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். ஜனநாயகத்தில் அவருக்கு அத்தனை பற்று. எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். பெரியவர் தொண்டையைச் செருமுவார். அத்தோடு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும். செருமலுக்குப் பிறகு அந்தக் கூரையின் கீழ் யாரும் வாய் திறந்ததாக வரலாறு இல்லை. தம்பி கணக்குப் படித்ததும், கூடத்துச் சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்ததும், பூனை வளர்ப்பதில்லை என்று முடிவானதும் இப்படித்தான்.

வீட்டில் பெரியவரைத் தவிர மூன்று பேர். மனைவி, தம்பி, தங்கை. தங்கை தையல்காரி. பள்ளிச் சீருடைகளும் திரைச்சீலைகளும் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் இயந்திரங்கள் குளியலறைக்குப் போகும் நடையில் வரிசையாக நின்றன. குளிக்கப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அடுத்த தெரு வரைக்கும் ஒரு பெரிய மனை சும்மா கிடந்தது. அதில் ஒரு தையல் கூடம் போட்டுக்கொள்ளட்டுமா என்று தங்கை ஒரு முறை கேட்டாள். பெரியவர், "பார்க்கலாம்" என்றார். சொன்ன சொல் தவறாதவர். அன்று முதல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த நிலையில்தான் ஒரு மாபெரும் நிறுவனம் அவரைத் தேடி வந்தது. உலகத்தில் எங்கே தரவு மையம் கட்டுவது என்று முடிவு செய்ய ஓர் 'உயர்மட்டக் குழு' அமைத்திருந்தார்கள். தலைவர் பதவிக்கு நிலத்தைப் பற்றித் தெரிந்தவரும், புகைப்படத்தில் நேர்மையாகத் தெரிகிறவருமான ஒருவர் தேவைப்பட்டார். பெரியவரின் முதுகைப் பார்த்ததும் தேர்வு முடிந்துவிட்டது.

தரவு மையம் என்றால் என்ன என்று விளக்கியவர் குழுவின் ஆலோசகர். மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரியும் இளைஞர். உலகத்தார் எடுக்கும் படங்கள், அனுப்பும் காலை வணக்கங்கள், வங்கிக் கணக்குகள் எல்லாம் மேகத்தில் இருப்பதாகத்தான் பெரியவர் நம்பியிருந்தார். மேகத்துக்கும் மனை வேண்டும், மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஜன்னல் இல்லாத கட்டடம் வேண்டும் என்று ஆலோசகர் சொன்னபோது கொஞ்சம் அதிர்ந்துபோனார். உள்ளே இயந்திரங்கள் கொதிக்கும், அவற்றை ஆற்ற ராட்சத விசிறிகள் ஓயாமல் சுற்றும் என்றும் தெரிந்தது.

"அதாவது, இந்த இயந்திரங்களுக்குக் கோபம் அதிகம், விசிறிக்கிட்டே இருக்கணும்" என்றார் ஆலோசகர்.

கோபக்காரர்களை விசிறிச் சமாளிக்கும் வித்தை தம் வீட்டாருக்குக் கைவந்தது என்பது பெரியவருக்குத் தோன்றவில்லை. பெருந்தன்மையோடு தலைமையை ஏற்றுக்கொண்டார்.

உலகப் பயணத்துக்குப் பெட்டி கட்டினார்கள். கம்பளிச் சட்டைகளை மடித்து வைத்தபடியே மனைவி, "ஊர் உலகத்துக்கெல்லாம் இடம் பார்க்கப் போறீங்க. வீட்ல ஒருத்தி இடம் கேட்டாளே, அவளுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றாள். பெரியவர் காதில் ஏதோ விழுந்தது. பெட்டியின் மூடி கிரீச்சிடுகிறது என்று தீர்மானித்து, அதற்கு எண்ணெய் போடச் சொன்னார்.

முதலில் குளிர் நாடு. தகுதிகள் எல்லாம் பிரமாதம். விசிறியே வேண்டாம், கதவைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் அங்கே ஒரு மீன்காரி இருந்தாள். கட்டடத்திலிருந்து வரும் வெந்நீர் ஏரியில் கலந்தால் மீன் என்ன ஆகும் என்று கேட்டாள். வெதுவெதுப்பாக இருப்பதை மீன்கள் விரும்பக்கூடும் என்றார் ஆலோசகர். "உங்க குளியல் தொட்டியில வளர்த்துப் பாருங்க. நல்லா இருந்தா எங்க ஏரிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது மணல் நாடு. வெயிலிலிருந்து மின்சாரம் கொட்டியது. தண்ணீர்தான் கிணற்றிலிருந்து எடுக்க வேண்டும். அந்தக் கிணற்றை நம்பி ஓர் ஆட்டுக்காரர் இருந்தார். அவர் வாதாடவெல்லாம் இல்லை. ஆடுகளைக் கூட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டார். குழுவின் வரைபடத்தை ஆடுகள் தின்றன.

மூன்றாவது, ஒரு மலை நகரம். அங்கே எல்லாரும் சம்மதித்தார்கள், ஒரு பல் மருத்துவரைத் தவிர. நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று ஓசை வந்துகொண்டே இருந்தால், வாசலில் நிற்கும் நோயாளிக்கு உள்ளே யாருக்கோ பல்லைக் குடைகிறார்கள் என்று தோன்றும், ஒருவரும் படியேற மாட்டார்கள் என்றார். ஊரே பல்வலிக்குப் பயந்து அவர் பக்கம் சாய்ந்தது.

இந்த மூவரிடமும் பெரியவர் ஒரே உரையைத்தான் நிகழ்த்தினார். நிமிர்ந்து நின்று, "உலகம் வாழணும்னா ஒரு வீடு பொறுத்துக்கத்தான் வேணும்" என்று முடித்தார். இது ஒரு பொன்மொழி என்று ஆலோசகர் உடனே மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டார். மீன்காரி மட்டும், "யார் வீடு?" என்று கேட்டாள். அது விவாதத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி என்பதால் குழு அதைப் பொருட்படுத்தவில்லை.

வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் ஆலோசகரின் மூளை சும்மா இருக்கவில்லை. பெரியவர் வீட்டுக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டே தம் புதிய சித்தாந்தத்தை வெளியிட்டார்.

"ஐயா, நாம தப்பான விஷயத்தைத் தேடியிருக்கோம். மின்சாரத்தை இழுத்துட்டு வந்துடலாம். தண்ணியை வாங்கிடலாம். குளிரை உண்டாக்கிடலாம். உண்டாக்க முடியாத ஒண்ணே ஒண்ணு, எதிர்ப்பு இல்லாத மனுஷங்க. அது எங்கே கிடைக்குதோ அதுதான் இடம்."

பெரியவருக்கு உலகத்தின் மீது இரக்கம் பொங்கியது. "வளர்ப்பு சரியில்லை தம்பி" என்றார். "எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. என் பேச்சுக்கு மறுபேச்சுன்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை வந்தது கிடையாது."

"பின்னாடி மனையைத் தங்கச்சி கேட்டிருந்தா. இன்னும் பதில் சொல்லலை" என்றாள் மனைவி, அவர் முன்னால் கோப்பையை வைத்தபடி.

கோப்பை மேசையில் பட்ட ஓசை என்று பெரியவர் எடுத்துக்கொண்டார். "பார்த்தீங்களா? வந்தாங்க, வெச்சாங்க, போனாங்க. ஒரு வார்த்தை உண்டா?"

ஆலோசகர் பார்த்தார். மனைவி போன திசையைப் பார்த்தார். நடையில் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார். காரணம் தெரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். பின்பக்கக் கதவு வழியாக, அடுத்த தெருவின் துணை மின்நிலையம் வரைக்கும் விரிந்து கிடந்த மனையைப் பார்த்தார். புதிய கண்டத்தைக் கண்ட மாலுமியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று அந்தக் கூடம் கண்டது.

குழு கூடியது. பெரியவரின் பின்மனை பரிசீலனைக்கு வந்ததும், சொந்த இடம் பேசப்படும்போது தாம் அறையில் இருப்பது முறையல்ல என்று பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். நேர்மை என்றால் அப்படி இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் நிமிர்ந்து நின்றபடி, நிச்சயமாக வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் அறைக்குள் இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உலகத்தின் தலைசிறந்த இடம் தேர்வாகிவிட்டது.

"உலகம் வாழணும்னா ஒரு வீடு பொறுத்துக்கத்தான் வேணும்" என்றார் ஆலோசகர், கண் கலங்கி. பொன்மொழிகளில் இருக்கும் ஒரே அபாயம், அவை சொன்னவருடைய முகவரியைக் கண்டுபிடித்துவிடும் என்பதுதான்.

வீட்டுக்கு வந்து பெரியவர் தம் படுக்கையறை ஜன்னலைத் திறந்தார். ஜன்னல் பின்மனையைப் பார்த்தது. விசிறிகள் அங்கேதான் வரும். கிணறு இந்தப் பக்கம். குழாய் அதற்குள்தான் இறங்கும். மீன்காரியும் ஆட்டுக்காரரும் பல் மருத்துவரும் எவ்வளவு விவரமானவர்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. மூவரும் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார்.

ஆனால் எடுத்த தீர்மானத்தைத் தாமே மறுப்பது அந்தப் பரம்பரையில் கிடையாது. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே. சட்டப்படி அந்தத் தெருவில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். மனை குடும்பத்துப் பொதுச் சொத்து. குடும்பத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஆட்சேபித்தால் போதும், திட்டம் நின்றுவிடும். ஆட்சேபணையைக் கேட்டுப் பெரியவர் மனம் வருந்தி, பிறகு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பார். மானமும் தங்கும், மனையும் தங்கும். ஒரே ஒரு எதிர்ப்புக் குரல் வேண்டும். உலகம் முழுக்க இலவசமாகக் கிடைத்த பொருள் அது.

முதலில் தம்பியிடம் போனார்.

"இந்தக் கட்டடத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?"

"நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதேதான் அண்ணா."

"நான் ஒண்ணும் நினைக்கலைன்னு வெச்சுக்கோ."

"அப்ப நானும் ஒண்ணும் நினைக்கலை."

"நீயா ஏதாவது நினைச்சுப் பாரேன்."

தம்பி முயற்சி செய்தார். முகம் சிவந்தது, நெற்றியில் வியர்த்தது. கடைசியில், "எதைப் பத்தி நினைக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா சௌகரியமா இருக்கும்" என்றார். வளர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மனைவியைக் கேட்கலாமா என்ற யோசனை எழுந்தவுடனே அடங்கியது. அவள் வாயே திறக்கமாட்டாள் என்பது பெரியவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நின்று துணி மடித்தபடி, தங்கையிடம் போய்ப் பேசுங்கள், அவளுக்கு அந்த இடம் உயிர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவருக்குத் தாமாகவே தங்கையின் ஞாபகம் வந்தது. நல்ல யோசனைகள் எல்லாம் அவருக்கு அப்படித்தான் வரும்.

நடையில் போய் நின்றார். உட்கார இடமில்லை. தங்கை இயந்திரத்தை நிறுத்தினாள்.

"உனக்கு அந்த மனை மேல ஒரு ஆசை இருந்தது இல்லையா?"

"இருந்தது அண்ணா."

"இப்ப?"

தங்கை துணியில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தாள். "இப்பவும் இருக்கு. கேட்டா மறுபடியும் பார்க்கலாம்னு சொல்வீங்க. அதான் கேட்கலை."

"அதை நாலு பேர் நடுவில எழுந்து சொன்னா ஒண்ணும் தப்பில்லை."

அவள் நம்ப முடியாமல் நிமிர்ந்தாள். "சொல்லலாமா?"

"நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறினார்.

அதற்குப் பிறகு தங்கை தையலைக் குறைத்துக்கொண்டாள். தைக்கும்போதும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எத்தனை ஜன்னல் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும், எத்தனை பெண்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மனைவி அவளுக்காக ஒரு நல்ல புடவையை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கில் நடந்தது. மேடையில் கருத்துக் கேட்பு அதிகாரி, பக்கத்தில் ஆலோசகர், அவருக்குப் பக்கத்தில் குழுத் தலைவர் என்ற முறையில் பெரியவர். முன்வரிசையில் குடும்பம். பின்னால் தெரு முழுவதும். தெருக்காரர்களுக்கும் மனக்குறை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய வீடே வாய் திறக்காதபோது நமக்கென்ன என்று அவர்கள் அந்த வீட்டின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலோசகர் படம் போட்டுக் காட்டினார். கட்டடம் படத்தில் மரங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அதிகாரி எழுந்து கேட்டார்: "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் தம்பியின் தலை தானாகவே தரையைப் பார்த்துக் குனிந்தது. பழக்கம்.

தங்கை எழுந்தாள்.

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் கைகள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. குரல் மெல்லியதாக இருந்தாலும் நடுங்கவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லணும். அந்த மனை..."

பெரியவருக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பெண் எப்படி நிமிர்ந்து நிற்கிறாள்! நம் குடும்பத்து முதுகல்லவா! சந்தோஷம் மார்பிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து அடைத்தது. அடைத்த தொண்டையை மனிதன் வேறு என்னதான் செய்வான்?

செருமினார்.

தங்கை உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்து உட்காரவில்லை. செருமல் கேட்டது, கால்கள் மடங்கின. அவ்வளவுதான். மனைவி அவள் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். அவள் தலை குனிந்துவிட்டது. பெரியவர் பதறிப்போய் மேடையிலிருந்து கையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. கூட்டத்துக்கு அவர் வணக்கம் தெரிவிக்கிறார் என்று நினைத்து மக்கள் கை தட்டினார்கள். தாமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வறண்டிருந்தது. மறுபடியும் செருமினார். இந்த முறை தெருவே தலை குனிந்தது.

"ஏகமனது" என்றார் அதிகாரி. தம் பணிக்காலத்தில் இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கண்டதில்லை என்றும், ஒவ்வொரு குடும்பமும் இப்படி இருந்துவிட்டால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்றும் பாராட்டினார். பெரியவருக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். நன்றி கூறி அமர்ந்தார், சாயாமல்.

கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவில் ஆலோசகர் ஒரு பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் 'ம்ம்ம்ம்' என்று ஒரே சீராக ஓசை வந்தது. வாழ்நாள் முழுவதும் பெரியவர் அந்த வீட்டில் கேட்க விரும்பிய பதில் அதுதான். இப்போது அது நிற்பதே இல்லை. சுவர் சொல்லிற்று, ஜன்னல் சொல்லிற்று, தேநீர்க் கோப்பையின் மூடி சொல்லிற்று. கிணறு மட்டும் சத்தம் போடாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

தங்கை ஒரு வண்டியை வரவழைத்துத் தையல் இயந்திரங்களை ஏற்றினாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. குளியலறை நடை காலியாயிற்று. ஆனால் பெரியவர் இன்னும் அங்கே பக்கவாட்டில்தான் நடந்தார்.

ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஓசை வந்த பிறகு வீட்டில் எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். தம்பி கையை வீசி வீசி ஏதோ சொன்னார். மனைவி அதற்குச் சிரித்தாள். பச்சை வர்ணச் சுவரைக் காட்டித் தம்பி முகம் சுளித்ததைப் பெரியவர் தம் கண்ணால் கண்டார். எல்லாருக்கும் எல்லாருடைய உதடுகளும் புரிந்தன. பெரியவருக்கு மட்டும் யார் உதடுகளையும் பார்த்துப் பழக்கம் இல்லை. கூடத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு முறை செருமிப் பார்த்தார். விசிறிகள் அதை விழுங்கிவிட்டன. ஒருவரும் திரும்பவில்லை.

ஒரு நாள் காலை மனைவி கையில் துணிப்பையோடு அவர் எதிரே வந்து நின்றாள். உதடுகள் அசைந்தன. பெரியவர் காதருகே கையைக் குவித்தார். அவள் மறுபடியும் சொன்னாள். பேருந்து நிலையம் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். வருவதானால் வாருங்கள் என்பது போலவும் இருந்தது, வராவிட்டாலும் பரவாயில்லை என்பது போலவும் இருந்தது.

"என்ன சொல்றே? ஒண்ணுமே கேட்கலை" என்றார் பெரியவர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இந்தச் சத்தத்துல எப்படிக் கேட்கும்?"

மனைவி பையைக் கீழே வைத்தாள். குனிந்து, அவர் காதில் வாயை வைத்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினாள்.

"இத்தனை வருஷமா சொன்னதைத்தான் சொல்றேன். அப்ப இந்தச் சத்தம் இல்லை."